நாகையாவின் பெயரில் நுழைந்தவர்கள்

தனலெட்சுமிக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று அவர்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரும் சொல்வார்கள். அவளிடமே கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "நான் எங்கலா கோவப்பட்டேன்? நியாயத்தக் கேட்டா அதுக்குப் பேரு கோவமா?" என்பாள்.

அவள் சொல்வதிலும் உண்மை இருந்தது. கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. ஷிப்டு நேரத்தில் பெண்கள் அடிக்கடி எழுந்து போகிறார்கள் என்று சூப்பர்வைசர் கழிவறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மற்றவர்கள் முணுமுணுத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். தனலெட்சுமி நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். "உங்க வீட்டுப் பொம்பளைங்களும் சாவி கேட்டு வாங்கிட்டுத்தான் போறாங்களா சார்?" என்று கேட்டாள். மறுநாள் பூட்டு காணாமல் போய்விட்டது. அவளையும் பேக்கிங் பகுதிக்குத் தூக்கிப் போட்டார்கள். தண்டனைதான் அது. ஆனால் கொதிக்கும் இயந்திரத்தின் பக்கத்திலிருந்து தப்பித்தோமே என்று அவள் சந்தோஷமாகத்தான் போனாள்.

அவள் கணவன் நாகையா நேர்மாறு. பாசார் சந்தையில் யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். எது சொன்னாலும் "சரி" என்பார். அந்த மனிதரோடு இருபது வருடம் குடித்தனம் நடத்தி, அவருக்கும் சேர்த்துக் கோபப்பட்டுப் பழகிப்போனாள் தனலெட்சுமி.

நாகையாவுக்குப் பம்ப் ஹவுஸில் வேலை. அவர்கள் தாமான் கிள்ளான் ஆற்றுக்குப் பக்கத்தில், பழைய எஸ்டேட் நிலத்தின் பள்ளமான பகுதியில் கட்டியது. மழைத் தண்ணீர் கால்வாய் வழியாக ஒரு குளத்துக்கு வரும். ஆற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது மதகைத் திறந்தால் தானாக வடிந்துவிடும். கடல் ஏறினால் ஆறும் ஏறும். அப்போது மதகை மூடிவிட்டு, குளத்துத் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைத்துக் கரைக்கு அந்தப் பக்கம் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் தண்ணீர் வீடுகளுக்குள் வந்துவிடும். பள்ளத்தில் வீடு கட்டி விற்ற நிறுவனமே அந்தப் பம்பையும் வைத்து, நாகையாவையும் வேலைக்கு வைத்திருந்தது.

1998இல் நிறுவனம் பம்ப் ஹவுஸுக்கு ஒரு கணினியைக் கொண்டுவந்தது. குளத்தில் தண்ணீர் ஏறினால் பம்ப் தானாக ஓடும், இறங்கினால் தானாக நிற்கும். அதோடு, டெலிபோன் கம்பி வழியாக இணையத்தோடும் இணைத்தார்கள். கோலாலம்பூரில் உட்கார்ந்தபடியே கிள்ளான் பம்பைப் பார்க்கலாம், ஓட்டலாம், நிறுத்தலாம். தாமான் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்ட மேனேஜர் ராதாகிருஷ்ணன் கேக் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த ஒரு சிறு கம்பெனியிலிருந்து வேலாயுதம் என்ற டெக்னீஷியன் வந்து எல்லாவற்றையும் பொருத்திக் கொடுத்தான். கணினிக்குள் போவதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றான். பம்பைப் பார்த்துக்கொள்பவர் நாகையாதானே என்று அவர் பெயரையே போட்டான். பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள் என்று திரும்பி நின்றுகொண்டான். நாகையா வெட்கப்பட்டுக்கொண்டே ஒற்றை விரலால் எதையோ தட்டினார். என்ன தட்டினார் என்று வீட்டில் கேட்டபோதும் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் ராதாகிருஷ்ணன், "அண்ணே, ஆபீஸுக்கு வேணும், அந்தப் பாஸ்வேர்டக் குடுங்க" என்று கேட்டார். நாகையா "சரி சார்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வருடம் மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் நாகையாவுக்குக் குடலிறக்கம் முற்றிவிட்டது. மதகில் அடைக்கும் குப்பையைக் கொக்கி போட்டு இழுத்து இழுத்து வந்த வினை. ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்தார்கள். விடுப்புக் கேட்கப் போனபோது, தனக்குப் பதிலாக யார் வருவார்கள் என்று நாகையா கேட்டார்.

"எதுக்குண்ணே ஆளு? கம்ப்யூட்டர் பாத்துக்கும். கே.எல்.லேர்ந்து நாங்க பாத்துக்கறோம்லா. நீங்க நிம்மதியா போய்ப் படுங்க" என்றார் ராதாகிருஷ்ணன்.

பம்ப் ஹவுஸைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு நாகையா ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆபரேஷன் நடந்த அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கடலும் அன்று நல்ல ஏற்றம். தனலெட்சுமி, நாகையா கண் விழித்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினாள். தாமான் முனையில் டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டான். "இதுக்கு மேல போகாதுக்கா, பாருங்க" என்று கையைக் காட்டினான். அவள் தெரு இருந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் நின்றது. மோட்டார்சைக்கிள்களின் கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தது. யாருடைய வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியோ ஆடி அசைந்து மிதந்து வந்தது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் இறங்கி நடந்தாள். பக்கத்து வீட்டு இராஜம்மா சாப்பாட்டு மேசை மேல் தையல் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகத் தனலெட்சுமியைப் பார்த்ததும் அவள் குரல் எழும்பியது.

"வாடி வா! உன் வீட்டுக்காரன் பம்ப நிறுத்திட்டுப் போய் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டானாமே! எங்க பொழப்ப முழுகடிச்சிட்டு உனக்கு எப்படிலா நடந்து வர மனசு வந்துச்சு?"

"யார் சொன்னது?"

"மேனேஜர் சொன்னாரு! கம்ப்யூட்டர்லயே உன் புருஷன் பேரு இருக்காம்!"

தனலெட்சுமி திரும்பி நடந்தாள். தன் வீட்டுக் கதவைத் திறந்தாள். அரிசி டின் கவிழ்ந்து, மெத்தை ஊறி, மகளின் கல்யாணப் படம் தண்ணீரில் முகம் குப்புறக் கிடந்தது. அழுகை வரவில்லை. நாகையா பம்பை நிறுத்தினாராம். தெருக்கோடியில் யாராவது தும்மினால்கூடக் குளத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வரும் மனிதர். காலையிலிருந்து நினைவே இல்லாமல் கிடந்தவர். உடம்பெல்லாம் எரிந்தது அவளுக்கு, முழங்கால் வரை குளிர்ந்த தண்ணீரில் நின்றபோதும்.

மறுநாள் அவள் வார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ராதாகிருஷ்ணன் அங்கே இருந்தார். ஒரு பை ஆரஞ்சுப் பழம் கட்டில் பக்கத்தில் இருந்தது. நாகையாவின் மடியில் ஒரு தாள், கையில் பேனா. தலையணையில் சாய்ந்து கையெழுத்துப் போட இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னா இது?" என்றாள் தனலெட்சுமி.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிமா" என்றார் ராதாகிருஷ்ணன். "கம்ப்யூட்டர்ல அண்ணன் பேருதான் இருக்கு. அந்தப் பேருல உள்ள போயி, தானா ஓடற பம்ப, கையால ஓட்டற மாதிரி மாத்தி வச்சிருக்காங்க. அங்க ஆளு இல்ல, யாரும் ஓட்டல. அதான் தண்ணி ஏறிடுச்சு."

"மாத்தி வச்சது யாரு?"

"அதான்மா, அண்ணன் பேரு."

"நான் பேரக் கேக்கல சார். ஆளக் கேக்கறேன்."

ராதாகிருஷ்ணன் டையைச் சரிசெய்துகொண்டார். "அவரு நேரா செய்யலன்னு எங்களுக்கும் தெரியும்மா. ஆனா பாஸ்வேர்ட வெளியாளுங்களுக்குத் தெரியற மாதிரி விட்டது அவரு பொறுப்புதானே? கவனக்குறைவுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா, ஹெட் ஆபீஸ்ல பேசி வேலைக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன்."

"சார்தான் கேட்டீங்க" என்று நாகையா மெல்லச் சொன்னார். "ஆபீஸுக்கு வேணும்னு."

"ஆபீஸுக்குக் குடுக்கறது வேறண்ணே. ஊருக்கே தெரியறது வேற."

"ஊருக்குச் சொன்னது யாரு?" என்றாள் தனலெட்சுமி. "இவரு ஒங்கள விட்டா அந்தப் பாஸ்வேர்ட வேற யாருகிட்ட சொன்னாரு? பொண்டாட்டி எனக்கே சொல்லலலா!"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாகையா, "விடு தனம், சார் ஏதோ நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினார். அவள் அவர் விரல்களிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, ராதாகிருஷ்ணனின் சட்டைப்பையில் அவளே செருகினாள். ஆரஞ்சுப் பையையும் அவர் கையில் கொடுத்தாள்.

"வயித்துல தையல் போட்டுக் கெடக்கறவரு கையில பேனாவக் குடுக்கறீங்களே, ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா சார்? போய்ட்டு வாங்க."

அவர் போன பிறகு நாகையா, "வேல போய்டும்லா" என்றார். "போனா போகட்டும்" என்று அவள் சொன்னாலும், ராத்திரி முழுக்க அந்தச் சொல் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாளே வேலையிலிருந்து தற்காலிகமாக நிறுத்தி வைத்திருப்பதாக ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கே அவள் கிள்ளானிலிருந்து ரயில் ஏறினாள். பிரிக்பீல்ட்ஸில் விசாரித்து விசாரித்து, ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த வேலாயுதத்தின் கம்பெனியைக் கண்டுபிடித்தாள். முதலாளி வெளியே போயிருந்தார். வேலாயுதம் அவளை அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி போட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு தம்பி. எங்க வீட்டுக்காரர் பேரப் போட்டு யார் யாரு உள்ள போறாங்க?"

வேலாயுதம் விரல்விட்டு எண்ணினான். அவன் ஆபீஸில் மூன்று பேர். பூச்சோங்கிலிருந்து வரும் மின்சாரக் குத்தகைக்காரனின் ஆட்கள். வீடு கட்டிய நிறுவனத்தின் தலைமை அலுவலக இன்ஜினியர்கள். பம்ப் விற்ற கம்பெனி. எண்ணிக்கொண்டே வந்தவன் கையை மடியில் போட்டுவிட்டான். "அவங்ககிட்டயிருந்து வேற யாரு வாங்கினாங்களோ, தெரியலக்கா. மேனேஜர் எல்லாருக்கும் ஃபேக்ஸ் அடிச்சுட்டாரு."

"எல்லாருக்கும் ஒரே பேரா?"

"ஒரே பேரு. ஒரே பாஸ்வேர்டு."

"அப்படி என்னா பாஸ்வேர்டு அது?"

அவன் தயங்கினான். மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்க பேருதான்க்கா."

வெட்கப்பட்டுக்கொண்டு நாகையா தட்டியது அதுதானா. வேறு யாருக்கும் சொல்லக்கூடாத ஒன்று என்றதும் அந்த மனிதருக்கு அவள் பெயர்தான் தோன்றியிருக்கிறது. அதை வாங்கி, ஓட்டல் பாத்ரூம் சாவி மாதிரி ஊரெல்லாம் சுற்ற விட்டிருக்கிறார்கள். முகம் தெரியாத ஆம்பிளைகள் பூச்சோங்கிலும் கோலாலம்பூரிலும் உட்கார்ந்துகொண்டு, அவர் பெயரைப் போட்டு, இவள் பெயரைத் தட்டி உள்ளே நுழைந்திருக்கிறார்கள். செய்வதைச் செய்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பழி மட்டும் வார்டில் படுத்துக்கிடந்தவர் தலையில்.

"ஏன் தம்பி, வர்றவங்களுக்கெல்லாம் தனித்தனிப் பேரு குடுக்க முடியாதா? பாக்க வர்றவன் பாத்துட்டுப் போகட்டும். எதுக்கு எல்லாரும் சுவிட்சத் தொடணும்?"

"முடியும்க்கா. பாக்க மட்டும் விடலாம், தொட விடாம பண்ணலாம். வேல முடிஞ்சதும் அந்தப் பேர எடுத்துடலாம். அரை நாள் வேல. நான் அப்பவே சொன்னேன். மேனேஜர்தான் அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாரு."

"சரி. அன்னைக்கு நீ உள்ள போனியா?"

கீழே பூக்கடையில் யாரோ பேரம் பேசும் சத்தம் கேட்டது. வேலாயுதம் நெற்றியைத் தேய்த்தான்.

"போனேன்க்கா. டெஸ்ட் பண்ண மாத்தினேன். திரும்பப் பழையபடி போட்டேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா எனக்கப்புறமும் யாரோ போயிருக்காங்க. எல்லாம் ஒரே பேரு. எது நான், எது அவங்கன்னு எனக்கே பிரிக்கத் தெரியல. மூணு நாளா தூக்கமில்ல."

அவனைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்றுதான் அவள் வந்தாள். ஆனால் நான் போனேன் என்று வாயைத் திறந்து சொன்னவன் இவன் ஒருத்தன்தான்.

"இத எங்க தாமான்ல வந்து சொல்லுவியா?"

"மொதலாளி வேலைய விட்டு நிறுத்திடுவாருக்கா."

"வான்னு சொல்ல எனக்கு வாய் வரல. உன் வயித்துப்பாடு. ஞாயித்துக்கெழம எங்க டேவான்ல வெள்ளத்தப் பத்திக் கூட்டம். நான் சொல்லிட்டேன், அவ்ளோதான்." எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை டேவான் மண்டபம் நிறைந்துவிட்டது. சேறு காயாத செருப்புகள் வாசலில் குவிந்து கிடந்தன. ராதாகிருஷ்ணனும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவரும் முன்னால் உட்கார்ந்தார்கள். நாகையா வீட்டிலேயே இருந்தார். வந்தாலும் "சரி" என்றுதான் சொல்வார் என்று தனலெட்சுமியே படுக்கச் சொல்லிவிட்டாள். பணியாளரின் கவனக்குறைவு, பதிவில் அவர் பெயர்தான் இருக்கிறது, நடவடிக்கை எடுத்துவிட்டோம் என்று ராதாகிருஷ்ணன் பேசினார். பின்வரிசையில் சிலர் தனலெட்சுமியைத் திரும்பிப் பார்த்தார்கள். இராஜம்மா பார்க்கவில்லை, உதட்டைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தனலெட்சுமி எழுந்தாள்.

"சார், அந்தப் பேருல எத்தன பேரு உள்ள போறாங்க?"

"அது டெக்னிக்கல் விஷயம்மா..."

"எண்ணிக்கை கேட்டா டெக்னிக்கலா? சரி, வேற மாதிரி கேக்கறேன். அன்னைக்கு உள்ள போனது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"இப்போ அதக் கண்டுபிடிக்க முடியாதும்மா. எல்லாம் ஒரே பேருல இருக்கறதால..."

"கண்டுபிடிக்க முடியாதுன்னா, எங்க வீட்டுக்காரர்தான்னு எப்படி சார் சொன்னீங்க?"

சபையில் ஒரு சலசலப்பு. அவள் நிறுத்தவில்லை. "அவரு மயக்கத்துல கெடந்தாரு. பம்புக்கு ஒரு ஆளப் போடுங்கன்னு கேட்டாரு, வேணாம்னீங்க. அவருகிட்ட பாஸ்வேர்டக் கேட்டு வாங்கி ஊருக்கெல்லாம் ஃபேக்ஸ் அடிச்சீங்க. உங்க வீட்டுக் கதவு சாவிய இப்படிக் கண்டவன் கையில குடுப்பீங்களா? எங்க வீடுன்னா மட்டும் என்னா, எளக்காரமா? இந்தத் தாமான் தண்ணியில நிக்கணுமா வேணாமான்னு, எங்களுக்கு மூஞ்சி தெரியாதவன் எல்லாம் எங்கயோ ஒக்காந்து முடிவு பண்ணுவான். கேட்டா நாகையா பேரு இருக்குன்னுவீங்க!"

இன்ஜினியர் ராதாகிருஷ்ணனின் காதில் ஏதோ சொன்னார். அப்போதுதான் வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நானும் உள்ள போனேன்." வேலாயுதம் சுவரோரமாக நின்றிருந்தான். "நாகையா அண்ணன் பேருலதான் போனேன். நான் தப்பா விட்டுட்டேனான்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியல. ஆனா அண்ணன் இல்ல. அது நிச்சயம்."

பிறகு யாரும் ராதாகிருஷ்ணனைப் பேச விடவில்லை. "பள்ளத்துல வீட்ட வித்தீங்க, பம்பயாவது ஒழுங்கா பாக்கக் கூடாதா!" என்று கத்தியது இராஜம்மாதான். அன்று உள்ளே போனது வேறு யார் என்று கேட்டு முன்வரிசைக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். கடைசியில் இன்ஜினியரும் குனிந்த தலையோடு, தங்கள் அலுவலகத்திலிருந்தும் அன்று இரண்டு பேர் பார்த்தார்கள் என்று ஒப்புக்கொண்டார். "பார்த்தார்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார், தொட்டார்களா என்று சொல்லவில்லை.

நாகையாவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். கணினியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் வந்தது. வெளியாட்கள் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. மாற்ற வேண்டும் என்றால் முதலில் பம்ப் ஹவுஸுக்குப் போன் செய்து, அங்கே ஆள் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். வேலை முடிந்த குத்தகைக்காரன் பெயரை அன்றே எடுத்துவிட வேண்டும். நாகையா புதிய பாஸ்வேர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டார். "இந்தத் தடவ எம் பேர இழுக்காதீங்க" என்று தனலெட்சுமி சொல்லி அனுப்பினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவளுக்குத்தான் ஆறவில்லை. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய காகிதத்தில் "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக" என்று போட்டிருந்தார்கள். நாகையா தவறு செய்யவில்லை என்று ஒரு வரி இல்லை. ராதாகிருஷ்ணன் ஒருமுறை வீட்டு கேட் வரை வந்தார், மழை குறைந்துவிட்டதைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார், போய்விட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. இராஜம்மா மீன் குழம்பு கொண்டுவந்து நீட்டியபோது வாங்கிக்கொண்டாள், ஆனால் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எல்லாவற்றையும்விட அவளைக் கொதிக்க வைத்தது வேலாயுதத்தின் செய்தி. டேவானில் பேசிய மறு வாரமே அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள், வாடிக்கையாளர் முன்னால் கம்பெனி மானத்தை வாங்கினான் என்று. உள்ளே போன அத்தனை பேரில் வாயைத் திறந்து, தான் போனதைச் சொன்னவன் அவன் ஒருத்தன். அடி விழுந்ததும் அவனுக்கு மட்டும்தான்.

அவள் பொதுத் தொலைபேசியிலிருந்து அந்த முதலாளியைக் கூப்பிட்டாள். "உண்மையச் சொன்னவன வெளிய போட்டுட்டு, ஊமையா இருந்தவனையெல்லாம் உள்ள வச்சிருக்கியே, உன் கம்பெனிய நம்பி நாளைக்கு யாருலா பம்பக் குடுப்பான்?" என்று கேட்டாள். அவர் போனை வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி வைத்தார். சில்லறை தீரும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

வேலாயுதத்துக்குப் பிறகு போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. வேலை முடிந்து போகும் வழியில் சில நாள் அவர்கள் வீட்டுக்கு வருவான். நாகையா அவனுக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவார். வந்தவன் சாப்பிடாமல் போகக் கூடாது என்பது தனலெட்சுமியின் சட்டம். பரிமாறிக்கொண்டே பழையபடி அந்தப் பேச்சை எடுப்பாள்.

"விடுங்கக்கா, முடிஞ்சு போச்சு" என்பான் வேலாயுதம்.

"உனக்கு முடிஞ்சிருக்கும். எனக்கு எங்க முடிஞ்சுச்சு?" என்று இன்னொரு கரண்டி சோற்றை அவன் தட்டில் போடுவாள்.